மஞ்சக் கோடும் எழுபது பவுண்டும்

எழுபது பவுண்டு தண்டம் கட்டின கதையைப் பதிவாப் போடுன்னு நண்பர்கள் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்காங்க. என் மேல பாசம்னு நினைச்சுடாதீங்க. நான் தோத்துப்போன கதைன்னா எல்லாருக்கும் ஒரு தனி ஆர்வம். ஆனா கதை சின்னது. அதுக்குப் பின்னாடி இருக்கற சட்ட வரலாறு தான் பெருசு. அதனால கதை கொஞ்சம், வரலாறு நிறைய. காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க மக்கா.

2012 நவம்பர். இங்கிலாந்தின் வடகிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர்ல அப்ப குடியிருந்தோம். சாயங்காலம் அஞ்சேகாலுக்கே நல்லா இருட்டிடுச்சு, மழை வேற. பொண்ணுக்குக் காய்ச்சல். மருந்துக்கடை அஞ்சரைக்கு மூடிடுவாங்க. கடை வாசல்ல இரட்டை மஞ்சக் கோடு. (இங்க வண்டி ஓட்டாதவங்களுக்காக: சாலையோரம் ஒத்தை மஞ்சக் கோடு இருந்தா பக்கத்துப் பலகையில போட்டிருக்கற நேரத்துல நிறுத்தக் கூடாது. இரட்டைக் கோடுன்னா எந்நேரமும் நிறுத்தக் கூடாது.) ஏழு நிமிஷம் தான். திரும்பி வந்தா கண்ணாடியில மஞ்சள் பிளாஸ்டிக் உறை சிரிக்குது.

மறுநாள் வெளிச்சத்துல போய்ப் பார்த்தேன். ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணு, யாரோ குழாய்க்குப் பள்ளம் தோண்டி, மூடி, மேல தார் போட்டுட்டுப் போயிருக்காங்க. அந்த ஒட்டுப் போட்ட இடத்துல நாலடிக்குக் கோடே இல்லை. என் முன் சக்கரம் நின்னது அங்கதான். ரெண்டாவது, கோடு முடியற இடத்துல ஒரு குறுக்குக் கோடு இருக்கணும், ஆங்கில 'டி' மாதிரி. அன்னிக்கு நடப்புல இருந்த 2002 விதிகளோட படத்துல அது இருக்கு. இங்க இல்லை. கோடு அப்படியே அந்தரத்துல நிக்குது. நாலு பக்கத்துல இருந்தும் படம் எடுத்துட்டு, புதையல் கிடைச்சவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை படங்களைப் பார்த்துட்டுச் சொன்னார்: "தம்பி, பதினாலு நாளைக்குள்ள கட்டினா முப்பத்தஞ்சு. கட்டிப்போட்டு இருங்கோ. உவையோட மல்லுக்கட்டி என்னத்தைக் காணப் போறியள்?"

தங்கமணி ஒரே கேள்விதான் கேட்டாங்க. "ஏங்க, நிறுத்தும்போது கோடு உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா இல்லையா?"

அது சட்டப்படி சம்பந்தமில்லாத கேள்வின்னு விளக்கினேன். கோடு விதிப்படி இருக்கணும், இல்லைன்னா அது கோடே இல்லை. அப்படித்தான் படிச்சிருந்தேன். எங்க படிச்சேன்னு சொல்றதுக்கு முன்னாடி, கோடு எப்ப சட்டமாச்சுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

ரோட்டுல கோடு போடறது நூறு வருஷத்துச் சமாச்சாரம். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலம் வேய்ன் கவுன்டியில எட்வர்ட் ஹைன்ஸ்னு ஒருத்தர் 1911-ல நடுக்கோடு போட வெச்சார்னு சொல்வாங்க. பால் வண்டி ஒண்ணு ஒழுகிட்டே போனதைப் பார்த்து யோசனை வந்துச்சாம். (ஒழுகின பால்ல இருந்து போக்குவரத்துச் சட்டமே பிறந்திருந்தா நம்ம ஊர் ஆவின் வண்டிங்க எத்தனை சட்டம் எழுதியிருக்கும்!) பிரிட்டன்ல வெள்ளைக் கோடு முதல் உலகப்போர் சமயத்துல வந்துச்சு. எங்கெல்லாம் போடலாம்னு அரசாங்கம் 1926-ல ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. ரெண்டாம் உலகப்போர்ல இருட்டடிப்பு வந்தப்பதான் இந்தக் கோட்டோட அருமை சனங்களுக்கு உறைச்சுது. விளக்கே இல்லாத ரோட்டுல வெள்ளைக் கோடுதான் வழிகாட்டி.

ஆனா அதுவரைக்கும் கோடுங்கறது ஒரு புத்திமதி தான். மீறினா போலீஸ்காரர் முறைப்பார், அவ்வளவுதான். 1957-ல முந்திப்போறதைத் தடுக்க இரட்டை வெள்ளைக் கோடு போட்டுச் சோதனை பண்ணாங்க. 1959-ல அதுக்குச் சட்ட பலம் வந்துச்சு. தாண்டினா குற்றம். அதே காலகட்டத்துல சாலையோர மஞ்சக் கோடும் வந்துடுச்சு. 1958-ல லண்டன் குரோவ்னர் சதுக்கத்துல பார்க்கிங் மீட்டர், 1960 செப்டம்பர்ல டிராஃபிக் வார்டன்கள்.

வார்டன்கள் வந்த முதல் நாள் கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். லண்டன்ல அவங்க கொடுத்த முதல் டிக்கெட் யாருக்குத் தெரியுமா? தாமஸ் கிரெய்ட்டன்னு ஒரு டாக்டருக்கு. ஓட்டல்ல ஒருத்தருக்கு மாரடைப்புன்னு ஓடி வந்து, காரை வாசல்ல விட்டுட்டு உள்ள போயிருக்கார். திரும்பி வந்தா ரெண்டு பவுண்டு அபராதம். ஊரே கொதிச்சுது, கடைசியில அபராதத்தை ரத்து பண்ணாங்க. (நானும் காய்ச்சலுக்கு மருந்து வாங்கத்தானே போனேன்? எனக்காக ஒரு தெரு கூட கொதிக்கலை.)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கோடு சட்டமானதும் ஒரு பெரிய கேள்வி வந்துச்சு. பிரிட்டிஷ் சட்டத்துல 'போக்குவரத்துக் குறி'ங்கற சொல்லுக்குள்ள பலகை மட்டுமில்லை, ரோட்டுல போடற கோடும் அடக்கம். அந்தக் குறி, விதிகள்ல சொன்ன அளவு, நிறம், வகையில இருக்கணும்னும் அதே சட்டம் சொல்லுது. விதிப் புத்தகத்துல ஒவ்வொரு கோட்டுக்கும் படம் இருக்கு, படத்துக்கு நம்பர் இருக்கு. அப்படின்னா தப்பா வரைஞ்ச கோட்டைத் தாண்டினா குற்றமா?

1971-ல இதுக்குப் பதில் வந்துச்சு. டேவிஸ் எதிர் ஹீட்லிங்கற வழக்கு. இரட்டை வெள்ளைக் கோடு போட்ட ரோடு. தாண்டக் கூடாதுன்னு யாருக்கும் புரியும். ஆனா போட்டவங்க ரெண்டு தொடர்கோட்டுக்கும் நடுவுல தேவையே இல்லாம ஒரு விட்டுவிட்டு வர்ற கோட்டையும் சேர்த்துப் போட்டிருக்காங்க. அப்படி ஒரு படம் விதிப் புத்தகத்துல கிடையாது. கீழ் நீதிமன்றம் குற்றவாளின்னுச்சு. மேல்முறையீட்டுல உயர்நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு. சொன்ன காரணம் தான் முக்கியம். புத்தியுள்ள யாரா இருந்தாலும் இது என்ன குறின்னு பார்த்ததும் புரிஞ்சுக்குவாங்கதான், இருந்தாலும் குறி விதிப்படி இல்லைன்னா அதை மீறினது குற்றம் ஆகாது.

எனக்கு இந்தத் தீர்ப்பைப் படிச்சப்ப புல்லரிச்சுது. காரோட்டி தப்பு பண்ணலைன்னு நீதிபதிகள் சொல்லலை. தண்டிக்க வர்றவன் முதல்ல தன் வீட்டுப் பாடத்தை ஒழுங்கா முடிச்சுட்டு வரணும்னு சொல்றாங்க. உனக்கு அதிகாரம் கொடுத்த அதே புத்தகம்தான் எப்படி வரையணும்னும் சொல்லுது. ஒரு பக்கத்தை மட்டும் கிழிச்சு எடுத்துட்டு வந்து என்னைக் கேள்வி கேட்காதேன்னு சொல்ற மாதிரி.

இதே போக்குல இன்னும் சில வழக்குகள். 1967-லயே ஜேம்ஸ் எதிர் கேவி வழக்குல, தடை இருக்குன்னு சனங்களுக்குப் போதுமான அளவு தெரியப்படுத்த வேண்டியது உள்ளாட்சியோட கடமை, அதைச் செய்யாம தண்டிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. 1992-ல பதிவான ஹசன் வழக்குல ஒத்தை மஞ்சக் கோடு இருந்துச்சு, ஆனா எந்த நேரம்னு சொல்ற பலகை இல்லை. தண்டனை ரத்து. அதுக்காகக் கோர்ட்டு எல்லாத்தையும் ஸ்கேல் வெச்சு அளந்துச்சுன்னு நினைக்க வேண்டாம். 1984-ல பதிவான காட்டரில் எதிர் சாப்மேன் வழக்குல வெள்ளைக் கோட்டு அளவுல அற்பமான வித்தியாசம். இதெல்லாம் ஒரு குறையான்னு தள்ளிவிட்டுட்டாங்க. அங்கதான் கதவு லேசாத் திறந்துச்சு.

இத்தனையும் நூலகத்துல உக்காந்து படிச்சுட்டு, நாலு பக்கம் கடிதம் எழுதினேன். கவுன்சில் ரெண்டு தடவை நிராகரிச்சுது. ரெண்டு பதில்லயும் என் படங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. முப்பத்தஞ்சு பவுண்டு சலுகையும் போச்சு. அடுத்த படி, தனியான நடுவர் கிட்ட மேல்முறையீடு. அதுக்குக் கட்டணம் இல்லை. தொலைபேசியிலேயே விசாரணை வெச்சுக்கலாம்.

நடுவர் ரொம்ப மரியாதையாப் பேசினார். படங்கள் தெளிவா இருக்கு, நாலடிக்குக் கோடு இல்லைங்கறதும், முடிவுல குறுக்குக் கோடு இல்லைங்கறதும் உண்மைதான்னு முதல்லயே ஒத்துக்கிட்டார். நான் மனசுக்குள்ள பட்டாசு வெடிக்க ஆரம்பிச்சுட்டேன். அப்புறம் கேட்டார்: காரை நிறுத்தும்போது அங்க மஞ்சக் கோடு இருந்தது உங்களுக்குத் தெரியுமா?

சமையலறை வாசல்ல தங்கமணி நின்னுட்டு இருந்தாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், அதுதான் நான் பண்ணின தப்பு. பொய் சொல்ல மனசு வரலை. "தெரியும்"னேன்.

பத்து நாள்ல தீர்ப்பு வந்துச்சு. தோல்வி. எழுபது பவுண்டு. 1971 வழக்கை நான் சொன்னதையும் குறிப்பிட்டு, போன வருஷம் வந்த இன்னொரு தீர்ப்பையும் பாருங்கன்னு எழுதியிருந்தார். ஹெரான் வழக்கு, 2011. நான் அதைப் படிக்கவே இல்லை. அதுல பெரிய கொடுமை, அந்த வழக்கு நடந்த ஊர் சண்டர்லேண்ட். எங்க வீட்டுல இருந்து முக்கால் மணி நேரம்.

இந்த நீல் ஹெரான் யாருன்னு தேடினா, அது வேற ஒரு சுவாரசியமான கதை. சண்டர்லேண்ட்ல மீன் வியாபாரி. அதே ஊர்ல ஸ்டீவ் தோபர்ன்னு ஒரு காய்கறிக் கடைக்காரர் இருந்தார். கிலோவுல எடை போடாம, பழைய மாதிரி பவுண்டு கணக்குல வாழைப்பழம் வித்தார்னு 2000-ல அவர் தராசையே பறிமுதல் பண்ணிட்டாங்க. 2001-ல தண்டனை, 2002-ல உயர்நீதிமன்றத்துல தோல்வி. 'மெட்ரிக் தியாகிகள்'னு நாடு முழுக்கப் பேசப்பட்ட அந்தப் போராட்டத்தை முன்ன நின்னு நடத்தினவர் ஹெரான். ரெண்டு வழக்குலயும் பின்னணியில இருந்தது அதே மாநகராட்சிதான். தோபர்ன் 2004-ல காலமாகிட்டார்.

வாழைப்பழத்தை முடிச்சுட்டு ஹெரான் மஞ்சக் கோட்டுக்கு வந்தார். அவரோட வாதத்தைப் புரிஞ்சுக்க ஒரு சின்ன விளக்கம் வேணும். நகர மையத்தை மொத்தமா ஒரு 'கட்டுப்படுத்தப்பட்ட பார்க்கிங் மண்டலம்'னு அறிவிச்சுடலாம். மண்டலத்துக்குள்ள நுழையற இடத்துல நேரம் போட்ட பலகை வெச்சாப் போதும். உள்ள ஒவ்வொரு ஒத்தை மஞ்சக் கோட்டுக்கும் தனித்தனிப் பலகை வேண்டாம். ஆனா 2002 விதிகள் அந்த மண்டலத்துக்கு ஒரு வரையறை கொடுத்துச்சு. பார்க்கிங் இடங்கள், இன்னும் சில விலக்குகள் தவிர, மண்டலத்துல இருக்கற ரோடு முழுக்கக் கோடு போட்டிருக்கணும்.

ஹெரான் இதைப் பிடிச்சுக்கிட்டார். மண்டலத்துல எங்கயோ சில இடத்துல கோடு சரியில்லை. அப்படின்னா வரையறை பொருந்தலை. மண்டலமே சட்டப்படி மண்டலம் இல்லை. மண்டலம் இல்லைன்னா ஒவ்வொரு ஒத்தைக் கோட்டுக்கும் பலகை வேணும். பலகை இல்லை. ஆக, நான் நின்ன கோடும் செல்லாது, டிக்கெட்டும் செல்லாது. சீட்டுக்கட்டு வீட்டுல அடியில ஒரு சீட்டை உருவினா மொத்தமும் சரியற மாதிரி, எவ்வளவு அழகான வாதம் பாருங்க. குறி தன்னைக் குழப்பிடுச்சுன்னு அவர் சொல்லவே இல்லை. சட்டம் சட்டம்தானேன்னு மட்டும்தான் கேட்டார்.

நடுவர் கிட்டத் தோத்தார். 2010-ல உயர்நீதிமன்றத்துல தோத்தார். 2011 ஜூலையில மேல்முறையீட்டு நீதிமன்றத்துலயும் தோத்தார். நீதிபதி ஸ்டான்லி பர்ன்டன் எழுதின தீர்ப்போட சாரம் இதுதான்: ஒரு மூலையில ஒரு கோடு சரியில்லைன்னு ஒரு நகரத்தோட மொத்த மண்டலமும் செல்லாதுன்னு சொல்றது நடைமுறைக்கு ஒத்துவராது. விதிகளைக் கணிசமா பின்பற்றியிருந்தா போதும். குறை யாரையும் ஏமாத்தலைன்னா, காரோட்டிக்குத் தேவையான தகவல் கிடைச்சிருந்தா, தண்டம் செல்லும்.

கவனிச்சீங்களா? 1971-ல கேட்ட கேள்வி "கோடு சரியா இருக்கா?" 2011-ல கேட்ட கேள்வி "உனக்குத் தெரிஞ்சுதா?" நாப்பது வருஷத்துல கேள்வி அரசாங்கத்து மேசையில இருந்து என் மேசைக்கு நகர்ந்துடுச்சு. தங்கமணி சட்டம் படிக்காமலே 2011-க்கு வந்து சேர்ந்துட்டாங்க, நான் 1971-லயே நின்னுட்டு இருந்தேன்.

இடையில என்ன நடந்துச்சு? என் புரிதல்ல முக்கியமான திருப்பம் 1991 சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதுவரைக்கும் தப்பா நிறுத்தறது குற்றம். போலீஸ், வார்டன், கோர்ட்டு, அபராதம் அரசு கஜானாவுக்கு. 1991 சட்டம் வந்தப்புறம், 1993-ல லண்டன்ல தொடங்கி ஒவ்வொரு ஊரா, அது குற்றம் இல்லாம வெறும் 'மீறல்' ஆயிடுச்சு. கோடு போடறது கவுன்சில், டிக்கெட் கொடுக்கறது கவுன்சில், முதல் ஆட்சேபணையைப் படிக்கறதும் கவுன்சில், பணமும் கவுன்சிலுக்கு. (மிச்சமாகற பணத்தைப் பார்க்கிங், போக்குவரத்து மாதிரி குறிப்பிட்ட வேலைகளுக்குத்தான் செலவழிக்கணும்னு சட்டம் இருக்கு, அதையும் சொல்லிடணும்.) ஒருத்தனைக் குற்றவாளின்னு சொல்ல வரும்போது நீதிமன்றம் எழுத்துக்கு எழுத்து பார்க்கும். அது வெறும் தண்டத்தொகைன்னு ஆனதும் பிடி தளர்ந்துடுச்சு.

குற்றவியல் பக்கம் அந்தப் பழைய கறார்த்தனம் அப்புறமும் தலைகாட்டிச்சு. 2013-ல எம்42 நெடுஞ்சாலையில மின்னணு வேகப் பலகையில காட்டின எண்கள் விதிகள்ல சொன்ன வடிவத்துல இல்லை, கொஞ்சம் உயரமா ஒல்லியா இருந்துச்சுன்னு அரசு வழக்குத்துறையே வேக வழக்குகளைக் கைவிட்டுச்சு. ஒல்லி எண்ணுக்கு வேகமாப் போனவன் தப்பிச்சான். எனக்கு நாலடி கோடே இல்லை. என்ன கணக்கோ!

கோபம் ஆறினப்புறம் ஹெரான் தீர்ப்பைத் திரும்பப் படிச்சேன். உண்மையைச் சொல்லணும்னா, அதுல எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. கோடு தெரிஞ்சே நிறுத்தினவன் நான். சக்கர நாற்காலியில வர்றவங்க என் காரைச் சுத்திக்கிட்டு ரோட்டுல இறங்க வேண்டி வந்தா, அவங்க கிட்டப் போய் "குறுக்குக் கோடு இல்லைங்க"ன்னு சொல்ல முடியுமா?

மத்த பாதி உறுத்துது. 1971 தீர்ப்பு இருந்தவரைக்கும் கோடு போடறவங்களுக்கு ஒரு பயம் இருந்திருக்கும். தப்பா வரைஞ்சா வழக்கு நிக்காது. 'கணிசமாப் பின்பற்றினா போதும்'னு ஆனப்புறம் கணிசம்னா எவ்வளவு? நாலடி இல்லாட்டிப் பரவாயில்லை. எட்டடி? நான் பதினஞ்சாவது நாள் பணம் கட்டினா சலுகை கிடையாது, அங்க 'கணிசமாச் சீக்கிரம் கட்டிட்டேன்'னு சொல்ல முடியாது. நெளிவுசுளிவு ஒரு பக்கத்துக்கு மட்டும் இருக்கறதுதான் எனக்குப் பிடிக்கலை. அதுவும் அந்தப் பக்கம் பணம் வாங்கற பக்கமா இருக்கும்போது.

இதை எழுதறதுக்காக நம்ம ஊர்ச் சட்டத்தையும் புரட்டினேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 'போக்குவரத்துக் குறி'ங்கற வரையறைக்குள்ள சாலையில போடற குறியீடுகளும் வருது. 116-ஆம் பிரிவுல, அட்டவணையில சொன்ன காரியங்களுக்கு வைக்கற குறிகள் அதுல சொன்ன அளவு, நிறம், வகையில இருக்கணும்னு போட்டிருக்கு. அதே மூணு சொல், அதே வரிசை. வெள்ளைக்காரன் ரயிலையும் கிரிக்கெட்டையும் மட்டும் விட்டுட்டுப் போகலை, டேவிஸ் எதிர் ஹீட்லிக்கான விதையையும் சேர்த்துத்தான் விட்டுட்டுப் போயிருக்கான். நம்ம ஊர்ல கோடு அழிஞ்சுபோன சிக்னல்ல 'நிறுத்தக் கோட்டைத் தாண்டிட்டீங்க'ன்னு சலான் வாங்கின வக்கீல் நண்பர்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல வாங்க, நிறையப் பேசலாம்.

கதையோட வால் மட்டும் பாக்கி. பணம் கட்டி மூணு வாரம் கழிச்சு அதே மருந்துக்கடைக்குப் போனேன். இந்தத் தடவை காரைக் காசு கட்டற நிறுத்தத்துல விட்டுட்டு நடந்து போனேன். கடை வாசல்ல ஒட்டுப் போட்ட தார் மேல புது மஞ்சக் கோடு. முடிவுல, பளபளன்னு, ஒரு குறுக்குக் கோடு. அண்ணையும் கூட வந்திருந்தார். கொஞ்ச நேரம் குனிஞ்சு பார்த்துட்டு, "தம்பி, உது உங்கட காசில போட்டது தான்"னார்.